வரிசை என்பது யாது?
(தாம்பரம் வட்டாரத்துப் பேனாப் பிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்)

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் வசித்துக்கொண்டு, சம்பளம் வாங்கத் தொடங்கிய நாள் முதலாக ஊற்றுப்பேனாக்களைச் சேர்த்துவருகிற இளைய நண்பர்களுக்கு, அதே ரயில் பாதையோரத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஒரு கிழவன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது.

கட்டைவிரல் ஒன்றைக் கொண்டே கடிதமும் கணக்கும் வாழ்த்தும் வசவும் எழுதி முடிக்கப்படுகிற இந்தக் காலத்தில், மையையும் நிப்பையும் நல்ல தாளையும் தேடி அலைகிறவர்கள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. உங்களில் சிலர் தங்கள் பேனாப் பெட்டிகளைத் திறந்து எனக்குக் காட்டவும் செய்தீர்கள். ஜெர்மனி, ஜப்பான், தைவான், சீனம் என்று பல தேசங்களின் கைத்திறனும் அவற்றில் இருந்தது; ஆனால் இத்தனை பேனாக்களும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என்னவென்று விசாரித்தபோது, தள்ளுபடியில் கிடைத்தது, சிநேகிதன் வாங்கினான், தவணை சௌகரியமாக இருந்தது என்கிற ரீதியில்தான் பதில் வந்தது. தவணை என்ற வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு எழுந்த அபிப்பிராயங்களைத்தான் இம்மடலில் ஒருவாறு ஒழுங்குபடுத்தி எழுத முற்படுகிறேன்.

பொருள்களை இனம் கண்டு வரிசைப்படுத்தி வைக்கிற வித்தையை நாம் அந்நியரிடம் கற்க வேண்டிய அவசியமே இல்லை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலிருந்து வரும் மண் பொம்மைகளை வாங்கி நவராத்திரிக்குக் கொலு வைக்கிற நம் தாய்மார், தசாவதார செட், கல்யாண செட் என்று பேசும்போது, ஒவ்வொரு பொம்மையின் விலையையும் பற்றி நினைப்பதில்லை. பத்து அவதாரத்தில் வாமனன் ஒருவன் உடைந்துபோனால் மிச்சம் ஒன்பதும் குறையாகத் தோன்றுகிற அந்த ஒற்றுமையைத்தான் நினைக்கிறார்கள். பேனாவுக்கும் அதுவே லக்ஷணம். ஐந்து பேனாக்களை ஒன்றாகக் கட்டுகிற எண்ணம் ஒன்று முதலில் இருந்துவிட்டால், அவற்றின் விலை எவ்வளவு தாழ்ந்ததாயினும் அது ஒரு வரிசையாகும். அவ்வெண்ணம் இல்லாதபோது எவ்வளவு உயர்ந்த பேனாக்களாயினும் அவை ஒரு குவியல்தான்.

பேனா உலகத்தில் இந்த எண்ணத்தைப் பெரும் வியாபாரமாக்கியவர்கள் மான்ட் பிளாங்க் கம்பெனியார் என்று சொல்லலாம். 1992-இல் ஹெமிங்வேயின் பெயரால் ஒரு பேனாவை வெளியிட்டு, எழுத்தாளர் வரிசை என்று ஒன்றை அவர்கள் தொடங்கினார்கள். அதன் பின் வருஷந்தோறும் ஓர் எழுத்தாளர் அவ்வரிசையில் ஏறிக்கொண்டே வந்திருக்கிறார். அதே ஸ்தாபனத்தார் 2009-இல் மகாத்மா காந்தியின் பெயரால், தண்டி யாத்திரையின் தூரம் 241 மைல் என்பதைக் குறிக்கும்படியாக 241 பேனாக்கள் செய்து, ஒவ்வொன்றுக்கும் பதினொரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வைத்தார்கள். அரையாடை உடுத்திய மனிதரின் பெயரால் இத்தனை விலையா என்று தேசமெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. 2010-இல் விற்பனை நிறுத்தப்பட்டது.

அந்த மகாத்மாவுக்கு உண்மையாகவே ஒரு பேனாச் சரித்திரம் உண்டு என்பதும், அதில் நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவுக்குப் பங்கு உண்டு என்பதும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! சுதேசிப் பேனா ஒன்று செய்ய வேண்டும் என்ற சங்கற்பத்தோடு உழைத்த ராஜமகேந்திரபுரத்துக் கே.வி. ரத்னம் தம் கையால் செய்த பேனாவை, அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பிலிருந்த குமரப்பாவின் வாயிலாகவே காந்திக்கு அனுப்பினார். அதைக்கொண்டு எழுதிப் பார்த்து, கடைத்தெருவில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்ற கருத்தில் அவர் நற்சாட்சிக் கடிதம் எழுதியது 1935-ஆம் வருஷம். ரத்னம் பேனா இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. அதே ஊரில் கைடர் என்கிற பேனாவும் செய்கிறார்கள். காந்தி வரிசை ஒன்று அமைக்க ஆசைப்படுகிறவர் லட்சங்களைத் தேட வேண்டியதில்லை. கோதாவரிக் கரைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

ஆயினும் எழுத்தாளர் வரிசை என்ற யோசனை நல்ல யோசனை என்பதை நான் மறுக்கமாட்டேன். விலையை அவர்களிடமே விட்டுவிட்டு யோசனையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதை நம் சுற்றுவட்டாரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் தினந்தோறும் கடந்துபோகிற ஊர்களே ஒரு வரிசைக்குப் போதுமான சரக்கு வைத்திருக்கின்றன. பல்லாவரத்தில் 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியல் அறிஞர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது ஆதி மனிதன் கையால் செதுக்கிய கற்கருவி என்று கண்டார். இந்திய தேசத்தின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அவர் ஞாபகார்த்தமாக, பழுப்பும் கருப்பும் அலையலையாக ஓடுகிற எபொனைட் என்னும் கெட்டி ரப்பர்ப் பேனா ஒன்று முதலாவதாக இருக்கட்டும். பல்லாவரத்துக்கு மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர்; எழுத்தாணி பிடித்த கைக்கு ஏற்றதாக, மெல்லியதாகவும் கிளிப் இல்லாததாகவும் பனையோலை நிறத்ததாகவும் ஒரு பேனா தேடுங்கள். அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலே இருப்பது பம்மல். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கி, 1891-இல் சுகுண விலாச சபையை ஸ்தாபித்து, வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே தமிழ் நாடகத்துக்குக் கௌரவம் தேடித் தந்த சம்பந்த முதலியாருக்கு, கோர்ட்டுக்குப் பொருத்தமான கருப்பு உடலும் மேடைக்குப் பொருத்தமான தங்க நிற வளையமும் கொண்ட பேனாதான் தகும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியத்துக்கு வெள்ளை நிறம்; அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாங்கும் பிளாஸ்டிக் பேனாவாக இருந்தாலும் பாதகமில்லை. 1937-இல் நகரத்து நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குள் குடியேறிய கிறிஸ்தவக் கல்லூரிக்குப் பச்சை என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? இவ்வைந்தில் எபொனைட் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் அதிகமாகச் செலவாகும். மற்ற நாலும் ஒரு சினிமாவுக்குக் குடும்பத்தோடு போய்வருகிற தொகைக்குள் முடிந்துவிடும். உலகத்தில் வேறெவரிடமும் இல்லாத வரிசை உங்களிடம் இருக்கும். அதைச் செய்து விற்க எந்தக் கம்பெனிக்கும் தோன்றப்போவதில்லை.

என் நெஞ்சுக்கு இதனினும் நெருக்கமானது மதராஸ் வரிசை என்று நான் பெயரிட்டிருப்பது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அந்த வண்டியில் ஏறி ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிப் பாரிமுனைக்கு நடந்தால், 1920-களிலிருந்து பேனாவே தொழிலாக இருந்துவருகிற ஜெம் அண்டு கோ கடையை அடையலாம். காமா என்கிற பெயரோடு அவர்கள் விற்கும் எபொனைட் பேனாக்கள் பருமனாகவும் ஆடம்பரமற்றும் இருக்கும்; அவற்றை வெள்ளைக்காரப் பேனாவோடு ஒப்பிட்டுப் பளபளப்புப் போதாது என்கிறவர்கள், கடைசல் பட்டறையில் ஒருவர் நின்றுகொண்டு கையால் கடைந்தெடுத்த பொருளைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்பேன். மற்றொரு நாள் பூங்கா ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைக் கடந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் திருவள்ளூர் வண்டியைப் பிடியுங்கள். 1985-இல் தீக்கிரையாகும் வரைக்கும் பழைய புஸ்தகங்களையும் பழைய சாமான்களையும் சென்னை முழுவதற்கும் விற்றுக்கொண்டிருந்த மார்க்கெட் இருந்த இடந்தான் அது என்பதை ஒரு கணம் நினைத்துவிட்டு வண்டியேறுங்கள். திருவள்ளூரில் பாண்டுரங்கன் என்கிற தொழிலாளி தொடங்கி, அவர் குடும்பத்தார் நடத்திவருகிற ரங்கா பேனாப் பட்டறையிலிருந்து, உலகத்தின் பல தேசங்களுக்கும் பேனா போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாரக்கணக்காகக் காத்திருக்கிற பேனாவை, புறநகர் ரயில் டிக்கெட்டின் செலவில் நேரே போய்க் கேட்கக்கூடிய பாக்கியம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து நெடுநேரம் சூடேற்றிக் கெட்டிப்படுத்தியதே எபொனைட். அதன் தண்டை இயந்திரத்தில் சுற்றவிட்டுக் கடையும்போது எழுகிற கந்தக வாசனையை ஒருமுறை முகர்ந்துவிட்டவர் பிளாஸ்டிக் பேனாவின் மேல் முன்போல ஆசை வைப்பது துர்லபம். உடலின் நிறம், பருமன், நிப் எல்லாவற்றையும் நாமே சொல்லிச் செய்துகொள்ளலாம் என்பது ஒரு விசேஷம்.

காமாவும் ரங்காவும் முதலிரண்டு; மூன்றாவதாக ஒரு சாத்தூர் நிப். சாத்தூர் என்றால் காராச்சேவையும் வெள்ளரிக்காயையும் நினைக்கிற நம்மவரில் அநேகர், ஒரு காலத்தில் பேனா நிப் செய்வது அவ்வூரில் குடிசைத் தொழிலாகவே செழித்திருந்தது என்பதையும், பால்பாயின்ட் பேனா வந்து அதன் வாயில் மண்ணைப் போட்டது என்பதையும் மறந்துவிட்டார்கள். பழைய ஸ்டேஷனரிக் கடைகளின் இழுப்பறைகளில் பொட்டலமாக அந்த நிப்புகள் இன்னும் அகப்படுவது உண்டு. கடைக்காரருக்கு அது பழைய சரக்கு, உங்களுக்கு அது வரிசையின் உயிர். அதை ஒரு மலிவான உடலில் பொருத்தி, சென்னையிலேயே தயாராகிற பிரில் மையை ஊற்றுங்கள். மதராஸில் பைலட் பேனாக்கள் செய்த காலமும் ஒன்று இருந்தது. அவற்றில் ஒன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உங்கள் கைக்கு அகப்படுமானால் அதுவே நான்காவது. ஐந்தாவதற்கு, கலைஞர் கருணாநிதி விரும்பி எழுதியதாகப் பலரும் அறிந்த வாலிட்டி பேனாவை வைத்துக்கொள்ளலாம். அது பம்பாயில் செய்தது என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, அது எழுதியதெல்லாம் தமிழ் என்பதே என் சமாதானம்.

விலை மிகக் குறைந்த வரிசை ஒன்றும் சொல்கிறேன். மேலே சொன்ன மின்சார ரயில் வந்த 1931-ஆம் வருஷத்தில்தான் பம்பாயில் தாண்டேகர் சகோதரர்கள் கேம்லின் ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். நம் அப்பாமார் சட்டைப் பையில் கம்பீரமாகக் குத்திக்கொண்டு திரிந்த ஹீரோ பேனாவின் தாய்க் கம்பெனி ஷாங்காயில் உதயமானதும் அதே வருஷந்தான். ஒரு கேம்லின், ஒரு ஹீரோ, ஒரு புட்டி கேமல் மை, முடிந்தால் பழைய சீசன் டிக்கெட் ஒன்று: பரீட்சைக்குப் போகும் பையன்கூட வைத்துக்கொள்ளக்கூடிய வரிசை இது. பிறந்த வருஷத்தையோ, ஊரில் பள்ளிக்கூடம் வந்த வருஷத்தையோ வைத்து இவ்விதமே தேடிப் போவீர்களானால், பேனா வாங்குகிற நேரத்தைவிட வாசகசாலையில் உட்கார்ந்து படிக்கிற நேரம் ஜாஸ்தியாகிவிடும். பணப்பைக்கு அதைவிட நல்ல காவல் வேறில்லை.

இன்னொன்று நிப் வரிசை. அதாவது, ஒரே மாதிரியான உடல்களில் மெல்லிய நிப், நடுத்தர நிப், அகன்ற நிப், சாய்வெட்டு நிப் என்று வெவ்வேறாகப் பொருத்திக்கொள்வது. இதில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்நாட்டு நூல்களில் எந்த நிப் சிறந்தது என்று எழுதியிருப்பதெல்லாம் அவர்களுடைய எழுத்தை மனத்தில் வைத்து எழுதியது. சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துகளில், ணகரத்தையும் ஞகரத்தையும் அகன்ற நிப்பால் சிறிதாக எழுதினால் கண் அடைத்துப்போய் மைப் பொட்டாகிவிடும்; மிக மெல்லிய நிப்போ, வளைவு திரும்புகிற இடமெல்லாம் தாளைப் பிராண்டும். நடுத்தர நிப்பே தமிழுக்கு உகந்தது என்பது என் முடிவு. சாய்வெட்டு நிப்பைக் கல்யாணப் பத்திரிகை உறையில் விலாசம் எழுத வைத்துக்கொள்ளுங்கள். அதில் ழகரம் எழுதிப் பார்த்தால் அதன் அழகு தெரியும்.

பணத்தைப் பற்றி எழுதாமல் இம்மடலை முடிக்க முடியாது. மாதம் ஐந்நூறு ரூபாய் என்று ஒரு வரம்பு கட்டிக்கொண்டீர்களானால் வருஷத்துக்கு ஆறாயிரம் ஆகிறது. அதற்குள் கையால் கடைந்த எபொனைட் பேனா ஒன்றும், சாமானியமான பேனாக்கள் நாலும், மையும், தாளும் நிச்சயமாக அடங்கும். வருஷத்துக்கு ஒரு வரிசை போதும். விலையுயர்ந்ததைக் கடைசியில் வாங்குங்கள்; நாலு பேனாக்களோடு சில மாதங்கள் எழுதிப் பழகிய பிற்பாடுதான் ஐந்தாவது எப்படியிருக்க வேண்டும் என்பது கைக்கே தெரியவரும். தவணையில் வாங்கிய பேனாவைக் கையில் எடுக்குந்தோறும் பாக்கி நினைவுக்கு வரும். அந்த மனநிலையில் யாரும் நல்ல எழுத்தை எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாங்கியதில் எழுதாமலே கிடக்கிற பேனா ஒன்று இருக்குமானால், அதை எழுதக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கோ பையனுக்கோ கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பற்றி நினைப்பது என்று ஒரு விரதமும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பேனா வாங்கும்போது ஜாக்கிரதை வேண்டும். கிளிப்பில் பார்க்கர் அம்பு இருப்பதனாலேயே உடலும் பார்க்கர் ஆகிவிடாது. மூடி ஓரிடத்திலும் உடல் ஓரிடத்திலும் நிப் ஓரிடத்திலுமாகச் சேர்ந்து உருவான பேனாக்கள் நாட்டில் ஏராளம். மறையைத் திருகிப் பார்த்து விரிசல் இல்லையென்றும், நிப்பின் இரு பாதிகளும் சமமாக இருக்கின்றன என்றும், நுனியிலுள்ள கெட்டி மணி தேயாமல் இருக்கிறது என்றும், நிப்புக்கு அடியிலுள்ள நாக்கு உடையவில்லையென்றும் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள். கற்பூர வாசனை வீசும் பழைய செல்லுலாயிட் பேனா அகப்பட்டால் அதை மற்றவற்றோடு சேர்த்து அடைக்காதீர்கள். அது கெடத் தொடங்கினால் அக்கம்பக்கத்தையும் கெடுக்கும், தீயும் எளிதில் பிடிக்கும்.

ஃபில்லரால் மை ஊற்றுகிற பேனாக்களைப் பற்றி நீங்கள் செய்யும் புகார், அவை கக்குகின்றன என்பது. உள்ளே மை குறையக் குறையக் காற்று அதிகமாகிறது, கைச்சூட்டிலும் சித்திரை வெயிலிலும் அந்தக் காற்று விரிந்து மையை முன்னுக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போவதற்கு முன் நிரப்பிவிடுங்கள், கழுத்து மறையில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், ரயிலில் போகும்போது நிப் மேலே பார்க்கும்படி வையுங்கள். எபொனைட்டை வெந்நீரில் கழுவவும் வேண்டாம், ஜன்னலோர வெயிலில் கிடத்தவும் வேண்டாம். இரண்டுமே அதன் கருமையை வெளிறச் செய்யும். தோல் உறைகளுக்கு ஏராளமாகச் செலவு செய்கிறீர்கள். தோல் தொழிற்சாலையினால் பெயர் பெற்ற குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் தோலைப் பழிப்பது தகாது. என்றாலும் தையற்காரரிடம் மிஞ்சிய துணியில் ஐந்து அறை வைத்துத் தைத்த சுருக்குப்பையும், பழைய ஜாமெட்ரிப் பெட்டியும் அந்த வேலையைச் செவ்வையாகவே செய்யும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையை ஊற்றுப்பேனா தினமென்று உலகத்துப் பேனாப் பிரியர்கள் கொண்டாடிவருகிறார்கள். நமக்கோ எல்லா வெள்ளிக்கிழமையும் பல்லாவரத்துச் சந்தை நாள். வருகிற நவம்பரில், விடுப்புக் கிடைக்கிறவர்கள் காலையில் சந்தையைச் சுற்றிவிட்டு, மாலையில் உங்களில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரிசையைத்தான் கொண்டுவர வேண்டும். அதில் ஐந்துக்கு மேற்பட்ட பேனா இருக்கக் கூடாது. அவ்வைந்தும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்பதை, அவற்றைக் கொண்டே, ஒரு பேனாவுக்கு ஒரு பத்தியாகத் தமிழில் எழுதி உடன் வைக்க வேண்டும். ஆன செலவைத் தாளின் அடியில் குறிப்பிடுங்கள். அந்தத் தொகை எவருடையது மிகக் குறைவோ அவர் வரிசையை முதலில் பார்ப்போம். எனக்குச் சொல்லியனுப்பினால் நானும் வருகிறேன். மாடிப்படி மாத்திரம் செங்குத்தாக இல்லாத வீடாகப் பாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
சேலையூர்க் கிழவன்